இலை நிறையச் சோறு இருந்தால் போதுமா? - புரதச் சத்து பற்றிய ஒரு பாடம்



அன்னதானம் நம் ஆலயங்களின் உயிர்நாடி. தைப்பூசம், பங்குனி உத்திரம், நவராத்திரி என எந்த விழாவாயினும் வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் பெருமான் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தைக் கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிய செங்கல்லும் சுண்ணாம்பும் எவை என்று கேட்டால், மருத்துவ நூல்கள் முதலில் சொல்லும் விடை புரதம் என்பதாகும்.

நான் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே பயனுள்ள ஒன்றை எழுத விரும்பினேன். சைவ உணவு உண்பவர்களும் அடிக்கடி விரதம் இருப்பவர்களும் முதியோரும் நம்மிடையே மிகுதி. இம்மூவரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது.

புரதம் என்றால் என்ன?

நெதர்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் முல்டர் 1838-ஆம் ஆண்டு 'புரோட்டீன்' என்ற சொல்லை வெளியிட்டார். அச்சொல்லைப் பரிந்துரைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ். 'முதன்மையானது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இருப்பவை கரி, நீரகம், உயிர்வளி ஆகிய மூன்று தனிமங்கள். புரதத்தில் இவற்றோடு நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். இதனால்தான் எவ்வளவு மாவுச்சத்து உண்டாலும், எவ்வளவு நெய் ஊற்றிக்கொண்டாலும், புரதத்தின் இடத்தை அவை நிரப்ப முடியாது. அவற்றில் இல்லாத பொருளை உடல் எங்கிருந்து எடுக்கும்?

புரதத்தை ஒரு பூமாலைக்கு ஒப்பிடலாம். மாலையில் உள்ள ஒவ்வொரு பூவும் ஓர் அமினோ அமிலம். நம் உடல் மாலை தொடுக்கப் பயன்படுத்தும் பூக்கள் 20 வகை. அவற்றுள் 11 வகைகளை உடலே செய்துகொள்ளும். எஞ்சிய 9 வகைகள் உணவிலிருந்துதான் வர வேண்டும். அவை ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபன், வாலின் என்பன. இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் நுழையும்போது அவை தேவைப்படும்.

புரதத்தின் அமைப்பை நான்கு படிகளாகப் பிரிப்பர். பூக்கள் எந்த வரிசையில் தொடுக்கப்படுகின்றன என்பது முதற்படி. அந்தச் சரம் சுருள் கம்பி போல் சுருண்டோ, சேலைக் கொசுவம் போல் மடிந்தோ இருப்பது இரண்டாம் படி. சுருளும் மடிப்பும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட உருவமாகத் திரள்வது மூன்றாம் படி. இவ்வாறு திரண்ட பல சரங்கள் ஒன்றுகூடி ஒரே கருவியாக வேலை செய்வது நான்காம் படி. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நான்கு சரங்கள் சேர்ந்த புரதமாகும்.

வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். ஹீமோகுளோபினின் ஒருவகைச் சரத்தில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது ஒன்று மட்டும் மாறிவிட்டால், வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடுகிறது. அரிவாள் அணுச் சோகை என்ற கொடிய பரம்பரை நோய்க்கு இதுவே காரணம் என்பதை இங்ரம் என்ற அறிஞர் 1956-ஆம் ஆண்டு கண்டறிந்தார். ஒரு பூ மாறியதால் மாலையே பயனற்றுப் போகிறது.

இத்துறையில் தமிழகத்திற்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று புரியிட்ட கயிறு போன்றது என்பதை 1954-ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார். ஒரு புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்பதைக் காட்டும் வரைபடத்தை அவரும் அவர்தம் குழுவினரும் 1963-இல் வெளியிட்டனர். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதை 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே படிக்கிறார்கள்.

மடிந்த உருவம் குலைவதை நாம் அன்றாடம் அடுப்பங்கரையில் காண்கிறோம். முட்டையின் வெண்கரு சூட்டில் கட்டியாவதும், பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிந்து பன்னீர் ஆவதும் இதுவே. உருவம் குலைந்தாலும் பூக்கள் அழிவதில்லை. ஆகவே சமைத்ததால் புரதம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சொல்லப்போனால் சமைத்த பருப்பே எளிதில் செரிக்கிறது.

உடலில் புரதம் ஆற்றும் பணிகள்

தசைக்கு மட்டுமே புரதம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் பணிகள் பல.

1. கட்டுமானப் பணி: தசை, தோல், முடி, நகம், எலும்பின் உட்சட்டம் ஆகியவை.

2. செரிமானப் பணி: உமிழ்நீரிலும் இரைப்பையிலும் குடலிலும் உணவைச் சிதைக்கும் நொதிகள் அனைத்தும் புரதங்களே.

3. சுமக்கும் பணி: ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்கிறது.

4. காவற்பணி: கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் புரதங்கள். காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்பவையும் அவையே.

5. தூதுப் பணி: இரத்தத்தில் சர்க்கரையை ஆளும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். அதன் வரிசையை முழுமையாகக் கண்டறிந்த சாங்கர் 1958-இல் நோபல் பரிசு பெற்றார்.

6. நீர்ச் சமநிலை: இரத்தத்திலுள்ள அல்புமின், நீர் இரத்தக் குழாயை விட்டுக் கசிந்து வெளியேறாமல் பிடித்து வைக்கிறது.

இத்தனை பணி புரியும் புரதத்துக்கு உடலில் தனிக் களஞ்சியம் கிடையாது என்பதே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. மிகுதியான கொழுப்பு இடுப்பிலும் வயிற்றிலும் சேர்ந்துகொள்ளும். புரதத்தை அவ்வாறு சேர்த்துவைக்க வழியில்லை. தேவைக்கு மேல் உண்டால், அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். தேவைக்குக் குறைந்தாலோ, உடல் தன் தசையையே உருக்கி இதயத்துக்கும் ஈரலுக்கும் கொடுக்கும். ஆகவே புரதம் நாள்தோறும் வர வேண்டிய விருந்தாளி.

நம் நாட்டு வரலாற்றில் ஒரு பாடம்

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவரின் பெயரைத் தாதிப் பயிற்சி பெற்றவர்கள் மறக்கமாட்டார்கள். இன்றைய கானா நாட்டில் அவர் பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்து சோளக் கஞ்சியை மட்டுமே உண்ட குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி மடிவதைக் கண்டார். 1933-இல் அதை விவரித்து எழுதினார். அவ்வூர் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே 1935-இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அந்நோய்க்குப் புரதக் குறைவோடு வேறு காரணங்களும் சேர்கின்றன என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. எனினும், வயிறு நிறைந்த குழந்தையும் சத்தின்றி மடியலாம் என்ற உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் அவரே.

அதே மருத்துவர் 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். சிங்கப்பூரில் கைக்குழந்தைகளுக்கு இனிப்பு டின் பாலைக் கரைத்துப் புகட்டும் வழக்கம் பரவியிருந்தது. அதனால் விளைந்த மரணங்களைக் கண்டு மனம் கொதித்த அவர், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவரே சாங்கி சிறை முகாமில் அடைபட்டார்.

அந்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நூறு கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் மரவள்ளிக்கிழங்கில் இருப்பதோ ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல். வயிறு நிறைந்தும் உடல் நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கும் டின் பால் விட்ட தேநீரைக் குடித்துவிட்டு 'பால் குடித்தேன்' என்று சொல்பவர்கள் உண்டு. இன்று கடைகளில் விற்கும் பல டின்களில் இருப்பது, பால் பொடியோடு செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர். டின்னின் மேலுள்ள சத்துப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் விளங்கும்.

அரிசியும் பருப்பும்

சைவ உணவில் புரதம் குறைவு, அதுவும் தரம் தாழ்ந்தது என்று சிலர் கூறுவர். இதில் பாதி உண்மையே உள்ளது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களில் லைசின் குறைவு, மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பருப்பு, பயறு வகைகளில் மெத்தியோனின் குறைவு, லைசின் மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இரண்டையும் ஒரே கவளத்தில் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் உண்டாலே போதும். சோயா அவரையிலும் பால், தயிரிலும் எல்லா இன்றியமையா அமினோ அமிலங்களும் நல்ல அளவில் உள்ளன.

நம் முன்னோர் லைசினை அறியார். ஆயினும் அரிசியும் உளுந்தும் சேர்த்து இட்லி செய்தார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து வெண்பொங்கல் படைத்தார்கள். புளியோதரையில் நிலக்கடலை சேர்த்தார்கள். ஆஞ்சநேயருக்கு உளுந்து வடைமாலை சாற்றினார்கள். நவராத்திரியின் ஒன்பது நாளும் சுண்டல் வழங்கினார்கள். கோவில் பிரசாதத்தை ஊட்டச்சத்துக் கண்ணோடு பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

எதில் எவ்வளவு?

கீழ்க்காண்பவை தோராய அளவுகள். சமைக்காத பொருள் 100 கிராமில் உள்ள புரதம்:

சோயா அவரை - 36 கிராம்
நிலக்கடலை - 25 கிராம்
உளுந்து, பாசிப்பயறு - 24 கிராம்
துவரம்பருப்பு - 22 கிராம்
கொண்டைக்கடலை - 20 கிராம்
அரிசி - 7 கிராம்
ஜவ்வரிசி - ஒரு கிராமுக்கும் குறைவு

உண்ணும் நிலையில்:

தெம்பே 100 கிராம் - 19 கிராம்
பால் ஒரு குவளை (250 மில்லி) - 8 கிராம்
முட்டை ஒன்று - 6 கிராம்
சோறு ஒரு கிண்ணம் - 4 கிராம்
தயிர் 100 கிராம் - 3 முதல் 4 கிராம்
மீன், கோழி 100 கிராம் (சமைத்தது) - 20 முதல் 30 கிராம்

தெம்பே ஜாவாவில் தோன்றிய உணவு. வேகவைத்த சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்வது. நம் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தும் நம்மவர் பலர் வாங்குவதில்லை. மெல்லிய துண்டுகளாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, சிறிது எண்ணெயில் வாட்டிப் பிரட்டலாகச் செய்தால் பிள்ளைகளும் விரும்பி உண்பார்கள். தௌஹூவும் அவ்வாறே சாம்பாருக்கும் குழம்புக்கும் ஏற்றது.

எவ்வளவு வேண்டும்?

உடல் நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 42 கிராம். கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் நல வல்லுநர்கள் பலர் பரிந்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறானது. 'வயசாயிருச்சு, இனி எதுக்குப் பருப்பும் பாலும்' என்று பெரியவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். முதியோர் வார்டில், தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்த மூதாட்டியர் பலரிடம் நான் உணவு பற்றி விசாரித்ததுண்டு. "காலையில ரெண்டு ரொட்டியும் டீயும், மத்தியானம் சோறு ரசம், ராத்திரிக்குக் கஞ்சி போதும்மா" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அதைக் கூட்டிப் பார்ப்போம்: ரொட்டி 5, தேநீர் 1, ஒன்றரைக் கிண்ணம் சோறு 6, ரசம் 1, காய்கறி 2, மாலையில் பிஸ்கட் 1, கஞ்சி 3. மொத்தம் 19 கிராம். தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. வயது ஏற ஏறத் தசை தானாகவே தேய்கிறது. புரதமும் குறைந்தால் தேய்வு விரைகிறது. கால் வலுவிழக்கிறது, நடை தடுமாறுகிறது, பிறகு விழுகிறார்கள். விழுந்தபின் புண் ஆறுவதற்கும் அதே புரதம்தான் வேண்டும்.

அதே பாட்டிக்குச் சைவ உணவிலேயே இப்படிக் கொடுக்கலாம். காலையில் மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார் 8 கிராம். மதியம் ஒரு கிண்ணம் சோறு 4, வெந்த கெட்டிப் பருப்பு 100 கிராமில் 7, காய்கறி 2, தயிர் 3. மாலையில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 7. இரவில் இரண்டு சப்பாத்தி 6, தெம்பே 50 கிராமில் 9. படுக்கப் போகுமுன் ஒரு குவளைப் பால் 8. மொத்தம் 54 கிராம். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். இத்துடன் நாள்தோறும் சிறிது நடைப்பயிற்சியும் வேண்டும். அசையாத தசை புரதத்தை ஏற்று வலுப்பெறுவதில்லை.

விரதமும் புரதமும்

விரதம் இருப்பதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஜவ்வரிசிப் பாயசமும் பழமும் மட்டுமே விரத உணவு என்பதில்லை. உங்கள் விரத நெறி இடம் தருமானால், பாலும் தயிரும் பாசிப்பருப்புக் கஞ்சியும் ஊறவைத்த பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்காகப் பல நாள் சைவ உணவு உண்ணும் இளைஞர்கள், இறைச்சியை நிறுத்திய இடத்தில் சோற்றையும் வறுத்த மீகூனையும் நிரப்பாமல் பருப்பையும் தௌஹூவையும் வைக்க வேண்டும். இல்லையேல் காவடி தூக்கும் நாளில் உடல் தளர்ந்துவிடும்.

சில எச்சரிக்கைகள்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நீரிழிவு நோயாளிகள் பலருக்கு நாளடைவில் சிறுநீரகம் பழுதாவதால், அவர்களும் பரிசோதித்துக்கொள்வது நலம். சிவப்புக் காராமணி போன்ற தடித்த பயறுகளை, குறிப்பாகச் சிவப்புச் சிறுநீரக அவரையை, இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது நன்கு கொதிக்கவிட்டு, பிறகு மென்மையாகும்வரை வேகவைக்க வேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையைப் பொறுக்கிச் சேமிக்காமல் எறிந்துவிடுங்கள். கச்சாங் பூத்தே நல்ல தின்பண்டமே. ஆனால் எண்ணெயும் உப்பும் மிகுந்தது என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளலாம். உடல் நலமுள்ளவர்கள் விலையுயர்ந்த புரதப் பொடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பருப்பு டப்பாவே போதும்.

அன்னதானம் வழங்குவோர் கவனத்திற்கு

மலேசியச் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு முறையைக் கற்பிக்கிறது. கால் தட்டுச் சோறு, கால் தட்டுப் புரத உணவு, அரைத் தட்டுக் காய்கறியும் பழமும் என்பது அதன் பொருள். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியமும் 2014 முதல் இதே பங்கீட்டைச் சொல்லிவருகிறது. நம் அன்னதான இலையில் இந்தக் கால் பங்கு எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் முக்கால் பங்கு சோறு. அதன்மேல் நீர்த்த சாம்பார்.

இதைத் திருத்தப் பெருஞ்செலவு ஆகாது. நூறு பேருக்குச் சமைக்கும் சாம்பாரில் இரண்டு கிலோ துவரம்பருப்பைக் கூடுதலாகச் சேர்த்தால், ஆளுக்கு 4 கிராமுக்கு மேல் புரதம் கூடும். நான்கு கிலோ கொண்டைக்கடலையில் சுண்டல் செய்து பரிமாறினால் ஆளுக்கு 8 கிராம். இரண்டும் சேர்ந்து 12 கிராம். ஒரு முதியவரின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதிலேயே கிடைத்துவிடும். ஓர் இனிப்பைக் குறைத்தால் செலவும் சரியாகிவிடும்.

ஆலயத்துக்கு வந்து உண்போரில் சிலருக்கு அன்றைய முழு உணவே அதுதான். தனித்து வாழும் முதியவர், கூலி வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தொழிலாளி, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை எனப் பலர் அந்தப் பந்தியில் அமர்கிறார்கள். அரிசி மூட்டைக்கு உபயம் ஏற்கும் அன்பர்களை நான் அறிவேன். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த முறை அரிசியோடு ஒரு மூட்டைப் பருப்புக்கும் உபயம் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்டவர் அன்றைக்குப் பசியாறுவார், உடலும் வலுப்பெறுவார்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவர்க்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் அருள்வானாக.